மருந்து என்றொரு சொல்

எங்கள் பாடாங் மேஹா வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்குப் பொருள் பல. காய்ச்சலுக்குக் கிளினிக்கில் கொடுப்பது மருந்து. செம்பனை மரத்தடியில் புல்லைக் கருக்குவதற்கு அடிப்பது மருந்து. ரப்பர் மரத்தில் பால் கூடுவதற்காகப் பட்டையில் தடவியது மருந்து. சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் புள்ளியில்லாமல் ஒரே மஞ்சளாக இருந்தால் அதுவும் ‘மருந்து வைத்த பழம்’. இவற்றுள் ஒன்று உயிரைக் காக்கிறது. ஒன்று உயிரைக் குடிக்கிறது. இன்னொன்று தரும் பொருளோ, மரமும் பழமும் தமக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கின்ற பொருள். ஆயினும் நம் வாயில் இவை யாவும் ஒன்றுதான்.

இந்த ஒற்றைச் சொல் நமக்கு இழைத்துவரும் தீங்கைப் பற்றியே இக்கட்டுரை. சொல்லைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தோட்டத்து மக்கள் தங்களிடம் இருந்த சொல்லைக்கொண்டு தங்கள் உலகத்தைப் பேசினார்கள். அறிவியல் படிக்க வந்திருக்கும் நாம், அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டும் வேலையை இன்னும் செய்யவில்லை என்பதுதான் என் முறையீடு. அதற்கு எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் எத்திலீன். நான் அதைத் தமிழில் கேட்டு, மலாயில் தேர்வெழுதி, இப்போது ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மொழியிலும் அது ஒரே வாயுதான். ஆனால் நான் தேர்வில் எழுதிய விடைகளில் தக்காளியும் வாழைப்பழமும் இருந்தன. என் பாட்டி நாற்பதாண்டுகள் வெட்டிய ரப்பர் மரம் இல்லை.

விளக்குக் கம்பத்திலிருந்து பழக்கூடைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெரு விளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்தன. குழாய் கசிந்த இடங்களில் நின்ற மரங்கள் பருவம் வராமலே இலை உதிர்த்தன. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்யுபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வகத்தில் முளைத்த பட்டாணி நாற்றுகள் நிமிர்ந்து வளராமல் படுத்து வளர்வதைக் கவனித்தார். காற்றில் கலந்திருந்த விளக்கு வாயுவே காரணம் என்றும், அதிலும் எத்திலீன் என்ற பகுதியே காரணம் என்றும் 1901-இல் எழுதினார். 1934-இல் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் தானாகவே எத்திலீனை வெளிவிடுகிறது என்று மெய்ப்பித்தார். அதாவது விளக்கிலிருந்து கசிந்தது வேற்றுப் பொருளன்று. மரஞ்செடிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியின் ஓர் எழுத்து அது. விலங்குக்கு ஹார்மோன் இருப்பதுபோல் தாவரத்துக்கும் உண்டு. அவற்றுள் காற்றாகப் பரவக்கூடியது இது.

செடி இதை எப்படி உண்டாக்குகிறது? மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக உண்டாக்குகிறது. இடையில் வரும் முக்கியப் பொருளை 1979-இல் கண்டறிந்தவர் தைவானில் பிறந்த ஷாங் ஃபா யாங். அந்தச் சுழற்சிக்கு இன்றும் ‘யாங் சுழற்சி’ என்றே பெயர்.

உண்டான செய்தியைச் செல் எப்படிக் கேட்கிறது என்பது இன்னும் சுவையானது. 1993-இல் எத்திலீனைப் பிடிக்கும் ஏற்பிப் புரதத்தின் மரபணு கண்டறியப்பட்டது. தாவர ஹார்மோன் ஒன்றுக்குக் கண்டறியப்பட்ட முதல் ஏற்பி இதுதான். இந்த ஏற்பி எத்திலீன் வரும்வரை சும்மா இருப்பதில்லை. ‘பொறு, பொறு’ என்று செல்லை ஓயாமல் தடுத்துக்கொண்டே இருக்கும். எத்திலீன் வந்து அதில் ஒட்டிக்கொண்டதும் அந்தத் தடை அடங்கிவிடும். உடனே செல்லின் உட்கருவில் பழுப்பதற்கான மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன. மாவுச்சத்து சர்க்கரையாகிறது. பச்சையம் சிதைகிறது. செல்சுவரை இறுக்கிப் பிடித்திருந்த பெக்டின் கரைந்து பழம் மெலிகிறது. ஆகவே பழுத்தல் என்பது வெளியிலிருந்து திணிக்கப்படும் ஒன்றன்று. உள்ளே காத்திருந்த ஆயத்தத்தின் தடை நீங்குவது.

காத்திருப்பதற்கு உள்ளே ஏதேனும் இருந்தால்தானே? நம் தமிழ் இதை அறிந்திருக்கிறது. பிஞ்சு வேறு, காய் வேறு, செங்காய் வேறு, பழம் வேறு. முற்றாமலே நிறம் மாறியதை ‘வெம்பியது’ என்று தனியே ஒதுக்கி வைத்தது நம் மொழி. முற்றுவதும் பழுப்பதும் இருவேறு நிகழ்வுகள் என்று இன்று பாடநூல் சொல்வதை, வெம்பல் என்ற ஒரு சொல்லுக்குள் வைத்திருந்தார்கள். வாழைத்தாரை அறைக்குள் வைத்துப் புகை மூட்டம் போடுவதும், மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைப்பதும் இதே அறிவின் செயல்முறைகள். புகையில் எத்திலீன் உண்டு. அரிசிப் பானையோ காய் விடும் எத்திலீனைக் காற்றில் கலைந்து போகாமல் தேக்கி வைக்கிறது.

தானாகக் கனியாததைத் தடிகொண்டு கனிய வைக்கலாமா என்று பழமொழி கேட்கிறது. அறிவியல் மாணவன் என்ற முறையில் சற்றே குறும்பாக விடை சொல்லலாம்: கனிய வைக்கலாம்! அடிபட்ட காய் எத்திலீனை மிகுதியாக வெளியிடும்; விரைவில் மெலியும். ஆனால் அடிபட்ட இடத்திலேயே அழுகலும் தொடங்கும். பழமொழியின் எச்சரிக்கை அந்த இரண்டாம் பகுதியில் இருக்கிறது.

எந்த மருந்து?

இப்போது சந்தைக்கு வருவோம். ‘மருந்து வைத்த பழம்’ என்று நாம் அஞ்சுவதில் ஒரு பாதி நியாயம். மறு பாதி குழப்பம்.

நியாயமான பாதி கார்பைட் கல். கால்சியம் கார்பைட் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது எத்திலீனைப் போல நடித்துக் காயின் நிறத்தை மாற்றிவிடும். தொழிற்சாலைப் பயனுக்கான கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதே ஆபத்து. இந்தியாவில் பழம் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. அதே இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவைப் பத்து இலட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த 2016-இல் இசைவு தந்தது. ஒன்றைத் தடுத்து இன்னொன்றுக்கு இசைவு தருவது முரண்பாடன்று. முன்னது நஞ்சு கலந்த கல். பின்னது பழம் தானே விடும் வாயு.

டுரியானையே பாருங்கள். நம் நாட்டில் அது தானாக விழும்வரை காத்திருக்கிறோம். தாய்லாந்தில் முற்றிய காயை வெட்டி இறக்கி, எத்தெஃபோன் என்ற பொருளைக் காம்பில் தடவிப் பழுக்க வைக்கும் வழக்கம் உண்டு. எத்தெஃபோன் புட்டிக்குள் அமிலமாக அமைதியாக இருக்கும்; செடியின் திசுவுக்குள் சென்றதும் சிதைந்து எத்திலீனை விடும். ஆனால் ரம்புத்தானுக்கு எதைத் தடவினாலும் பயனில்லை. பறித்த பிறகு பழுக்கும் இனமன்று அது. இவ்வளவு வேறுபாடுகளையும் ‘மருந்து’ என்ற ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமலும் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சியும் வாழ்கிறோம்.

பழுக்கும்போது காவல் தளர்கிறது

பழுத்தலுக்கு ஒரு விலை உண்டு. மாங்காயும் பப்பாளிக்காயும் பச்சையாக இருக்கும்போது கெட்டியான தோல், உள்ளே பால், பூஞ்சைக்கு ஒவ்வாத வேதிப்பொருள்கள் என்று முழு ஆயுதத்தோடு இருக்கின்றன. பழுக்கும்போது அந்த ஆயுதங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை இதை நன்றாக அறியும். அதன் வித்து காயின் மேல் விழுந்து, ஒட்டிக்கொண்டு, உள்ளே போகாமல் காத்திருக்கும். பழுத்த மாம்பழத்தில் திடீரென்று கரும்புள்ளிகள் தோன்றிப் பரவுகின்றனவே, அவை பெரும்பாலும் காயாக இருந்தபோதே வந்து உட்கார்ந்த விருந்தாளிகள். 1994-இல் ஃபிளைஷ்மேன் என்பவரும், கேரளத்தைச் சேர்ந்த கொளாட்டுகுடி என்பவரும் இதில் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். பழம் தனக்காக விடும் எத்திலீனையே பூஞ்சை தன் புறப்பாட்டுக்கு மணியோசையாகக் கேட்கிறது. வீட்டார் தமக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்டுத் திருடன் நேரம் குறிப்பதைப் போன்றது இது.

நோய் எதிர்ப்புக்கும் ஹார்மோன்களே பொறுப்பு. 1979-இல் பிரிட்டனில் ஒய்ட் என்ற ஆய்வாளர் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார். செடிக்கு வைரஸ் எதிர்ப்பு கூடியது. ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலிக் அமிலம் செடியின் சொந்தக் காவல் ஹார்மோன் என்பது பின்னர் தெளிவானது. உயிருள்ள திசுவில் ஒட்டி வாழும் கிருமிகளுக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலம் முன்நிற்கிறது. திசுவைக் கொன்று தின்னும் கிருமிகளுக்கும் கடிக்கும் பூச்சிகளுக்கும் எதிராக ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும் கைகோர்க்கின்றன. பெரும்பாலும் ஒரு படை எழும்போது மறு படை அடங்குகிறது. சில பாக்டீரியாக்கள் ஜாஸ்மோனிக் அமிலத்தின் போலியைத் தயாரித்து, செடியைத் தவறான பக்கம் காவல் வைக்கச் செய்து, மறு பக்கம் நுழைகின்றன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். செடிக்கு வளர்ச்சி, விளைச்சல், காவல் ஆகிய மூன்றுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் செலவு. ஒரு பக்கம் கூட்டிக் கேட்டால் இன்னொரு பக்கம் குறையும்.

பட்டையில் தடவிய எத்திலீன்

இந்தப் பாடம் எங்கே மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? தக்காளியில் அன்று, நம் தாத்தா பாட்டியின் நிரையில் நின்ற ரப்பர் மரத்தில்.

ரப்பர் பால் நமக்காகச் சுரப்பதன்று. அது மரத்தின் காவல். பட்டை காயப்பட்டால் பால் வழிந்து, உறைந்து, காயத்தை மூடும். பாலுக்குள் இருக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் உடைந்து, அவற்றிலிருந்து வரும் ஹெவெய்ன் என்ற புரதம் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. அதே ஹெவெய்ன், பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினைப் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்கிறது. வெட்டுக் காயத்தில் எழும் ஜாஸ்மோனிக் அமிலம் புதிய பால் குழாய்கள் உருவாகத் தூண்டுகிறது என்று 2000-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினர். ஆக, ஒவ்வொரு விடியலிலும் மரத்தைக் காயப்படுத்தி, அது காயத்தை ஆற்ற அனுப்பும் படையையே மங்கில் பிடித்து எடுத்துவந்ததுதான் ரப்பர்த் தொழில்.

வெட்டிய சில மணி நேரத்தில் பால் தானே நின்றுவிடும். நின்றுவிடாமல் மேலும் ஒழுக வைக்க முடியுமா என்பதே தோட்டத் தொழிலின் நீண்ட நாள் கேள்வி. 1925-இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் இதில் முன்னின்றது. 1950-களில் ஆக்சின் வகைக் களைக்கொல்லிகளை எண்ணெயில் கலந்து பட்டையில் தடவினார்கள். 1968-இல் அக்கழகத்தின் ஆய்விதழில் எத்தெஃபோன் பால் ஒழுக்கைக் கூட்டுகிறது என்ற ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன். 1970-களில் எத்தெஃபோன் தோட்டங்களுக்கு வந்தது. 1990-களில் எத்திலீன் வாயுவையே மரத்தில் பொருத்திய சிறு பைக்குள் செலுத்தும் ‘ரிம்ஃபுளோ’ முறையும் வந்தது. குறைந்த நாள் வெட்டும் முறைகளை ஆராய்ந்தவர்களுள் சிவகுமாரன் என்ற பெயரும் இருக்கிறது.

அந்தப் பெயர்களைச் சற்றே நின்று பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு பாக்கியநாதன், ஒரு சிவகுமாரன். நிரையில் தூரிகையும் டப்பாவுமாக நின்ற நம் பாட்டிமார்கள். ஆய்வுத்தாளில் எத்தெஃபோன், பெரட்டில் ‘மருந்து’. இரு முனையிலும் தமிழர் இருந்தும், இடையில் அந்தச் செய்தி தமிழில் பயணம் செய்யவில்லை. ஆய்வகத்திலிருந்து ஆங்கிலத்தில் நிருவாகத்துக்குப் போய், நிருவாகத்திலிருந்து கிராணிக்கும் மண்டோருக்கும் வந்து, கடைசியில் ‘இன்னைக்கு மருந்து தடவணும்’ என்ற கட்டளையாகத் தொழிலாளியை அடைந்தது. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கையில் பட்டால் என்ன என்பவை வழியிலேயே உதிர்ந்துவிட்டன. எத்தெஃபோன் அமிலத்தன்மை உடையது; தோலையும் கண்ணையும் உறுத்தக்கூடியது.

தூண்டப்பட்ட மரம் நீண்ட நேரம் ஒழுகும். பால் கூடும், ஆனால் நீர்த்துப் போகும். உலர் ரப்பர் விழுக்காடு குறையும். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுக் கணக்கெழுதிய இடங்களில், வாளியின் கனம் கூடிய அளவுக்குக் கணக்கின் கனம் கூடாது. பிந்திச் சொட்டிய பால் மங்கிலேயே கட்டிப்பாலாகும். அதையும் எடுக்க வேண்டும். நிருவாகத்துக்கோ இதில் இன்னொரு நன்மை. மருந்து தடவினால் மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினாலே போதிய பால் கிடைக்கும். குறைந்த ஆள் போதும். ஆய்வாளர்கள் இப்படி இடைவெளி கொடுப்பதைப் பரிந்துரைத்ததற்கு மரத்தின் நலமும் ஒரு காரணம். தூண்டுதலும் ஓய்வும் சேர்ந்தே வரவேண்டும் என்பது அதன் சூத்திரம்.

ஓய்வை மறந்து தூண்டுதலை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? பட்டையின் பால் குழாய்கள் களைத்து, உயிர்வேதி நெருக்கடிக்குள்ளாகி, வெட்டுக்கோட்டின் ஒரு பகுதியோ முழுவதுமோ பால் தராமல் வற்றிவிடும். உலகெங்கும் ரப்பர் விளையும் நாடுகளில் இது பெருஞ்சிக்கல். இதற்குச் சிகிச்சை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஓய்வுதான். என் பாட்டி ஹெவெய்ன் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர் அல்லர். ஆனால் எந்த மரத்தைத் தொடர்ந்து வெட்டலாம், எந்த மரம் இன்னும் இரண்டு மாதத்தில் வற்றும் என்பதைப் பட்டையின் நிறத்தையும் பால் இறங்கும் வேகத்தையும் வைத்துச் சொல்வார். மரம் ‘களைச்சிருக்கு’ என்பது அவர் சொல். எத்திலீன் பற்றிய அத்தியாயத்தை நான் படித்து முடித்தபோது, அந்த ஒரு சொல்லுக்கு இணையான விளக்கம் பல பக்கங்களில் விரிந்திருந்தது.

அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது தரவு. கேட்காததால் அது புலம்பல்.

செம்பனையின் உதிரிப் பழம்

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் கதை எத்திலீனோடுதான். குலை பழுத்துவிட்டதா என்று அறிய, கீழே உதிர்ந்து கிடக்கும் பழங்களைத்தான் பார்க்கிறார்கள். பழம் காம்பை விட்டு உதிரும் இடத்தில், செல்களை ஒட்டியிருக்கும் பசையை இளக்கச் சொல்லும் கட்டளை எத்திலீனுடையது. முன்கூட்டி வெட்டினால் எண்ணெய் குறைவு. பிந்தினால் கொழுப்பமிலம் கூடித் தரம் குறைவு. இந்த இரண்டுக்கும் இடையிலான சில நாள்களை அண்ணாந்து பார்த்தே கணிப்பவர்தான் குலை வெட்டும் தொழிலாளி.

2014-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள், பழத்தின் நிற மாற்றத்தை ஆளும் மரபணுவைக் கண்டறிந்தனர். பச்சையிலிருந்து செம்மஞ்சளாகத் தெளிவாக மாறும் வகை மரங்களை நாற்றிலேயே தெரிந்தெடுக்க இது வழி செய்தது. அக்குழுவிலும், அதற்கு முந்தைய ஆண்டு செம்பனையின் மரபணுத்தொகுதியை வெளியிட்ட குழுவிலும் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியின் பெயர் இருக்கிறது. மீண்டும் அதே காட்சி: ஆய்வகத்தில் நம்மவர் பெயர், மரத்தடியில் நம்மவர் நினைவு, நடுவில் தமிழ் இல்லை.

மரத்தடியில் வேறு ‘மருந்து’களும் இருந்தன. களைக்கொல்லி அடித்த பெண்களின் உடல்நலம் பற்றி 2002-இல் தெனாகனித்தா அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் பேசப்பட்ட பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. மரம் தானும் தயாரிக்கும் வாயுவை விடும் எத்தெஃபோனும், விழுங்கினால் நுரையீரலைச் சிதைத்துக் கொல்லும் பாராகுவாட்டும் தோட்டத்தில் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. தோளில் டாங்கியைச் சுமந்தவருக்கு இரண்டையும் வேறுபடுத்தும் சொல் இருந்திருந்தால், கையுறையும் முகமூடியும் கேட்டு வாதாட ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும். சொல்லில்லாதவரிடம் கேள்வி எழுவது கடினம்.

‘இனி எதற்கு?’ என்போருக்கு

இதைப் படிக்கும் சில நண்பர்கள் கேட்கக்கூடும்: “தோட்டமே போய்விட்டது. கூலிமில் 1996-இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்துவிட்டது. நம் பிள்ளைகள் சில்லு தயாரிக்கும் ஆலைக்குப் போகிறார்கள். குலை வெட்டும் வேலையை இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். பட்டையையும் பாலையும் பற்றி இன்னும் எதற்குப் பேச்சு?”

கேள்வியில் உண்மை இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியது நம் சமுதாயத்தின் வெற்றி. லயத்து வாழ்க்கைக்குப் பொன்முலாம் பூச நான் விரும்பவில்லை. ஆனால் வெளியேறும்போது வறுமையோடு சேர்த்து அறிவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். தோட்டம் என்றால் கண்ணீர், கள், கடன் என்று கதை எழுதினோம், மேடையில் பேசினோம். அங்கே நுட்பமும் இருந்தது என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? பட்டையின் தடிப்பை விரல்நுனியால் அளந்து, மரத்தின் உள்ளுயிர் அடுக்கைத் தொடாமல் கத்தியை நிறுத்திய கை, அறுவைச் சிகிச்சை நிபுணரின் கைக்குக் குறைந்ததா? அவரைக் ‘கூலி’ என்ற சொல்லிலேயே நிறுத்திவிட்டால், அவர் பேரப்பிள்ளைக்கு அறிவியல் என்பது வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருளாகவே தோன்றும். தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் இடைநிலைப்பள்ளியில் உயிரியலைக் கண்டு மிரள்வதற்கு மொழி மட்டும் காரணமன்று. தன் வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் படிக்கிறோம் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று அந்த டாங்கியைச் சுமப்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருக்கலாம். அவர்களுக்கும் கட்டளைதான் போய்ச் சேர்கிறது; விளக்கம் போய்ச் சேர்வதில்லை. அந்த வலியை அறிந்த சமுதாயம் நாம். தோட்ட நிருவாகத்திலும் ஆய்விலும் வேளாண் துறையிலும் வேலைக்குப் போகவிருக்கும் நம் பட்டதாரிகள், கையெழுத்திடும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் யார் கை இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

என்ன செய்யலாம்?

பெருந்திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. நம் மொழிக்கழக உறுப்பினர்களில் பலர் பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணி, பீடோங் எனக் கெடாவின் பழைய தோட்டப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மற்ற மாநிலத்தவர்க்கும் இதே வரலாறுதான். தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது ஒருவர் ஒரே ஒரு பெரியவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். மரம் களைத்ததை எப்படி அறிந்தீர்கள்? மருந்து தடவிய பின் பால் எப்படி மாறியது? அந்த மருந்தைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது? அவர் இசைவோடு, அவர் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் போன்ற சொற்களை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் அதற்குரிய அறிவியலை எளிய தமிழில் எழுதுவது அறிவியல் புல மாணவர்களின் பொறுப்பு. மொழியைச் செப்பம் செய்வது தமிழ் படிப்போரின் பொறுப்பு. அடுத்த ஆண்டு மலரில் இருபது பக்கம் இதற்கு ஒதுக்கினால், எந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் வகுப்பில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு சிறு நூல் நம்மிடம் இருக்கும்.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று எழுத வேண்டியதில்லை. சிலவற்றை ஆய்வு ஏற்கும்; சிலவற்றை மறுக்கும். ஏற்பதையும் மறுப்பதையும் அவர்களுக்குத் திருப்பிச் சொல்வதுவரை நம் கடமை முடியாது. எத்திலீனுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவதா வேண்டாமா என்ற விவாதத்தில் காலத்தைக் கழிக்கவும் வேண்டாம். எத்திலீன் என்றே சொல்வோம். அது என்ன செய்கிறது என்பதைத் தமிழில் சொல்வோம்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் ஆய்வகங்களிலும் தோட்ட நிறுவனங்களிலும் பணியாற்றுவோர் இருக்கிறீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கையின் சாரத்தை ஆண்டுக்கு ஒரு பக்கம் தமிழில் இம்மலருக்கு எழுதி அனுப்புங்கள். மூப்படைந்துவரும் ஒரு தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களிடம் கேட்கவும் அவர்களுக்குச் சொல்லவும் நமக்கிருக்கும் ஆண்டுகள் மிகச் சில.

யாராவது ‘மருந்து’ என்று சொல்லும்போது நாம் சிரித்துவிட்டுப் போகவும் வேண்டாம். அஞ்சி ஓடவும் வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு, யார் கையில் என்று கேட்போம். விடையைத் தமிழில் சொல்லும் அளவுக்கு நாம் படித்திருக்கிறோம்.